280இ, 300எஸ்இ, எக்ஸ்ஜே6: முழுசா செய்து எடுக்க எதை வாங்கலாம்?

செந்தூல்வாசி:

வணக்கம். பழைய ஆடம்பரக் காடி ஒன்றை எடுத்து, அடியிலிருந்து செய்து, வார இறுதியில் குடும்பத்தோடு ஓட்டணும். கோலாலம்பூரில் பார்த்ததில் மூணு மிஞ்சியிருக்கு.

ஒன்று, 1983 மெர்சிடிஸ் 280இ (டபிள்யூ123). ஓடுது. சாயம் வெளுத்திருக்கு, பின் பம்பர் நசுங்கல், சன்ரூஃப் திறக்கலை. 22,000 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு, 1988 மெர்சிடிஸ் 300எஸ்இ (டபிள்யூ126). போன வருஷம் சாயம் அடிச்சது, கண்ணாடி மாதிரி இருக்கு. ஐட்லிங் (காடி நிற்கும்போது எஞ்சின் சுற்று) ஏறி இறங்குது. 19,000. மூணு, 1985 ஜாகுவார் எக்ஸ்ஜே6 சீரிஸ் 3, 4.2 லிட்டர். எஞ்சின் ஸ்டார்ட் ஆகலை, ஆனா தோல் சீட்டு, மரம் எல்லாம் முழுசா இருக்கு. 9,000.

வாங்குற விலை போக செய்றதுக்கு 40,000 வெள்ளி இருக்கு. அவசரம் இல்லை. ஏர்கான் மட்டும் கண்டிப்பா வேலை செய்யணும். எதை எடுக்கலாம்?

கிராண்ட்முதல்:

காடியைப் பார்க்கிறதுக்கு முன்னாடி கிராண்டை (காடியின் பதிவுப் பத்திரத்தை) பாருங்க தம்பி. மூணு கேள்வி போதும். கிராண்டில் இருக்கிற ஆள் உயிரோட இருக்காரா? எஞ்சின் எண், சேஸி எண் இரண்டும் காடியில் இருக்கிறதோட ஒத்துப்போகுதா? நிலுவையில் சம்மன் (போக்குவரத்து அபராதம்) இருக்கா?

முதல் கேள்வியில்தான் பழைய காடி பாதி விழும். தாத்தா பேரில் இருக்கும், தாத்தா போய்ச் சேர்ந்திருப்பார், பேரன் விற்கிறேன்னு வருவார். பெயர் மாற்றத்துக்கு உரிமையாளரோட ஒப்புதல் வேணும். அவர் இல்லைன்னா கோர்ட் உத்தரவோ அமானா ராயா பத்திரமோ கொண்டு வந்த பிறகுதான் பேச்சு. அதுவரைக்கும் முன்பணம் கொடுக்காதீங்க.

இரண்டாவது, பி5 பரிசோதனையில் (பெயர் மாற்றத்துக்கு முன்னாடி காடியைப் பார்க்கிறது) எண் ஒத்துவரலைன்னா அங்கேயே நின்னுடும். பழைய மெர்சிடிஸில் ஹாஃப் கட் எஞ்சினை (வெட்டி எடுத்த பழைய காடியிலிருந்து வர்றது) போட்டு ஓட்டுறது இங்கே சாதாரணம். மாற்றினது குற்றமில்லை, பதிவு பண்ணாம மாற்றினதுதான் பிரச்சினை. சாயத்தின் நிறத்தை மாற்றியிருந்தா அதுவும் கிராண்டில் ஏறியிருக்கணும். சாலை வரி பல வருஷம் விட்டுப்போன காடின்னா, ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) முகப்பில் நேரில் கேட்டுட்டு வந்து விலை பேசுங்க.

அப்புறம் சாலை வரி. தீபகற்பத்தில் தனியார் சலூனுக்கு 2501 முதல் 3000 சிசி வரை 880 வெள்ளி, அதோட 2500க்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 2.50. 3000 தாண்டினா 2,130 வெள்ளி, மேலே ஒவ்வொரு சிசிக்கும் 4.50. 280இ 2746 சிசி, அப்போ 1,495 வெள்ளி. 300எஸ்இ 2962 சிசி, 2,035. எக்ஸ்ஜே6 4235 சிசி, 7,687 வெள்ளி 50 காசு. கிளாசிக் சலுகை கிடைக்கும்னு நம்பிக் கணக்குப் போடாதீங்க, முழுக் கட்டணத்தில் போடுங்க.

ஜாகுவார் 280இயைவிட 13,000 வெள்ளி மலிவுன்னு தெரியும். வருஷத்துக்கு 6,192 வெள்ளி கூடுதல் வரி. இரண்டு வருஷம் கொஞ்சம் தாண்டினா அந்த மலிவு காணாமப் போகும்.

தகரத்தச்சன்:

எஞ்சினைப் பத்தி யாரும் இன்னும் பேசலை, நல்லது. இங்கே எஞ்சின் பிரச்சினையே இல்லை. சான் சௌ லின் பக்கம் ஒரு சுற்று சுற்றினா மெர்சிடிஸ் எஞ்சின் சாமான் பெரும்பாலும் கிடைக்கும், ஆளும் கிடைப்பான். தகரம், ரப்பர், குரோம், மரம், இதுதான் காசைத் தின்னும். அதனால வெளுத்த சாயத்தைக் கண்டு பயப்படாதீங்க, புதுச் சாயத்தைக் கண்டு பயப்படுங்க.

சாயத் தடிமன் பார்க்கிற மீட்டர் ஒன்று கடன் வாங்குங்க. கம்பெனிச் சாயம் ஏறக்குறைய 100லிருந்து 180 மைக்ரான். மேலே ஒரு தடவை அடிச்சிருந்தா 200லிருந்து 400. ஆயிரத்தைத் தாண்டினா உள்ளே பட்டி (பள்ளம் நிரப்புற பூச்சு) இருக்கு. கூரையில் முதலில் வைங்க, ஏன்னா கூரையை யாரும் சீக்கிரம் தொட மாட்டாங்க. அந்த எண்ணை அடிப்படையா வெச்சுக்கிட்டு கீழே வாங்க. ஒவ்வொரு கதவிலும் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, அடி விளிம்பிலிருந்து ஒரு சாண் மேலே ஒன்று. சில்லில் (கதவுக்கு அடியில் நீளமா ஓடுற தகரம்) முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் கையளவு இடைவெளியில் வைங்க. பின் சக்கர வளைவை முழுசா சுற்றுங்க.

123இல் பார்க்க வேண்டிய இடங்கள். சில்லில் ஜாக் வைக்கிற நாலு துளைக்கும் மூடி இருக்கும். கழற்றி டார்ச் அடிச்சு உள்ளே பாருங்க. வெறும் தூசி இருந்தா சரி, செதில் செதிலா உதிர்ந்தா சில் உள்ளேயிருந்து போய்ட்டிருக்கு. பூட்டில் (பின்பக்கச் சாமான் அறையில்) பாயைத் தூக்கி ஸ்பேர் டயர் குழி, இரண்டு பக்கப் பைகள். டெயில் லைட் ரப்பர் காய்ஞ்சா மழைத் தண்ணி நேரா அந்தப் பைக்குள்தான் இறங்கும். பேட்டரித் தட்டை எடுத்துட்டு அடியில் பாருங்க, ஆசிட் தின்னிருக்கும். முன் கண்ணாடியின் இரண்டு கீழ் மூலை. முன் மட்கார்ட் இரண்டும் போல்ட்டில் நிற்கிறது, அது துருப்பிடிச்சா கவலை இல்லை, கழற்றி வேற போடலாம். அதுக்குப் பின்னால் இருக்கிற உள் தகரம்தான் முக்கியம்.

126இல் இன்னும் ஏமாற்று வேலை. 1985 செப்டம்பருக்குப் பிறகு வந்த காடியில் பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பலகை ஜாக் துளை வரைக்கும் மூடிட்டு வரும். வெளியிலிருந்து ஒண்ணுமே தெரியாது. துளை மூடியைக் கழற்றணும், முடிஞ்சா அந்தப் பலகையையே கழற்றச் சொல்லணும். விற்கிறவர் ஒத்துக்கலைன்னா அதுவே பதில். பின் கண்ணாடிக்குக் கீழே இரண்டு மூலையும் பாருங்க. அங்கே துரு இருந்தா கண்ணாடியை எடுக்காம ஒட்ட முடியாது.

அடிப்பக்கம் புதுசா கறுப்புத் தார் அடிச்சிருந்தா, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கிட்டே போங்க. நல்ல தகரம் கணீர்னு கேட்கும். பட்டியோ துருவோ இருந்தா மொத்துன்னு கேட்கும்.

ஜாக்_பித்தன்:

கிராண்ட்முதல் அண்ணே, வரிக் கணக்கு சரி. ஆனா ஒரு பக்கக் கணக்கு. ஜாகுவாருக்கு இங்கிலாந்தில் சாமான் கடை மெர்சிடிஸைவிட அதிகம். கதவு ரப்பர், சில் தகரம், பிரேக் காலிப்பர், புஷ் செட் எல்லாம் புதுசாவே செய்து விற்கிறாங்க. மெர்சிடிஸ் மரத்துண்டு ஒன்றுக்கு ஜெர்மனியில் கேட்கிற விலையில் ஜாகுவாருக்குப் பாதி சஸ்பென்ஷன் வாங்கலாம்.

ஆனா ஓடாத சீரிஸ் 3 வாங்குறவர் தெரிஞ்சு வாங்கணும். 4.2 எஞ்சினுக்கு இரும்புப் பிளாக், அலுமினிய ஹெட். பைப்புத் தண்ணியை ஊற்றி ஓட்டின காடின்னா ஹெட்டில் தண்ணி போற வழியெல்லாம் அரிச்சிருக்கும். இந்தப் பிளாக்கில் ஹெட் ஸ்டட் (ஹெட்டைப் பிடிக்கிற கம்பி) நீளமா பிளாக்கின் அடி வரைக்கும் தண்ணிக்குள்ளேயே போகும். துரு தின்னு மெலிஞ்ச ஸ்டட், ஹெட்டைக் கழற்றும்போது முறியும். பின்கோடிச் சிலிண்டர் பக்கம் வண்டல் சேர்ந்து சூடாகும். அதனால ஹெட்டைத் திறந்தா கோர் பிளக்கையும் கழற்றி வண்டலைச் சுரண்டி எடுத்துட்டுத்தான் மூடணும்.

பின்னால் டிஸ்க் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியல் ஓரத்தில் இருக்கு. டிஃப் சீல் ஒழுகினா எண்ணெய் நேரா டிஸ்க்கில். ஒழுங்கா செய்யணும்னா பின் சஸ்பென்ஷன் முழுசையும் கூண்டோட கீழே இறக்கணும். இறக்கினா சீல், டிஸ்க், காலிப்பர், ஹேண்ட்பிரேக், புஷ், யூனிவர்சல் ஜாயிண்ட் எல்லாத்தையும் ஒரே தடவையில் முடிச்சுடுங்க, மறுபடி இறக்க மனசு வராது. பெட்ரோல் டாங்கி இரண்டு, பின் மட்கார்ட் உள்ளே பக்கத்துக்கு ஒன்று. அடியில் துரு பிடிச்சு ஒழுகும். எஞ்சின் மேலே இன்ஜெக்டருக்குப் போற ரப்பர் குழாயை எல்லாம், ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறதுக்கு முன்னாடியே மாற்றுங்க. அந்தச் சூட்டில் வெடிச்ச குழாய்தான் இந்தக் காடிகள் தீப்பிடிக்கக் காரணம்.

எண்ணெய் அழுத்தம், எஞ்சின் சூடானதும் 3000 சுற்றில் 40 பிஎஸ்ஐ இருக்கணும். ஓடாத காடியில் இதைப் பார்க்கவே முடியாது. அதனாலதான் 9,000.

செகாம்புட்_போமன்:

ஜாக் அண்ணன் நேர்மையா சொல்லிட்டார், மரியாதை. ஆனா கேட்டவர் வார இறுதியில் குடும்பத்தோட போகணும்னு சொல்றார். 40,000 வெச்சு ஜாகுவாரை எழுப்பினாலும் அதுக்கு ஒத்துவராது. சரி, இரண்டு மெர்சிடிஸுக்கு வருவோம்.

280இயில் எம்110 எஞ்சின். ஆறு சிலிண்டர், மேலே இரண்டு கேம், கே-ஜெட்ரானிக் பெட்ரோல் இன்ஜெக்ஷன். 300எஸ்இயில் எம்103, ஒரே கேம், கேஇ-ஜெட்ரானிக். எம்110 பலமானது, ஆனா எண்ணெய் ஒழுகும், பெட்ரோல் குடிக்கும். எம்103 மென்மையா, சிக்கனமா ஓடும், செய்றதும் சுலபம்.

ஐட்லிங் ஏறி இறங்குறதுக்கு உடனே பெரிய செலவுன்னு முடிவு பண்ணாதீங்க. எம்103இல் முதல் சந்தேகம் ஓவிபி ரிலே (வோல்டேஜ் மீறாம காக்கிறது). மேலே 10 ஆம்ப் ஃபியூஸ் செருகியிருக்கும். உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டா கேஇ இன்ஜெக்ஷனின் கன்ட்ரோல் பெட்டிக்குக் கரண்ட் விட்டு விட்டுப் போகும், ஏபிஎஸ் விளக்கும் சில நேரம் எரியும். அடுத்தது ஏர் மீட்டருக்கு அடியில் இருக்கிற ரப்பர் பூட். வெடிச்சிருந்தா அளக்காத காற்று உள்ளே போகும். அதுக்கப்புறம் ஐடில் வால்வைக் கழுவிப் பாருங்க. இந்த மூணும் முடியாம யாராவது பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் இருக்கிற மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருக வந்தா கையைத் தட்டி விடுங்க.

சிக்னலில் கொஞ்ச நேரம் நின்னுட்டு கிளம்பும்போது நீலப்புகை ஒரு பொட்டு வந்தா வால்வு சீல். 12 சீல். ஹெட்டைக் கழற்றாமலே, சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து வால்வு விழாமப் பிடிச்சுக்கிட்டு மாற்றலாம். புகை நிற்காம வந்தா ரிங், அது வேற கதை.

இரண்டுக்கும் கம்ப்ரெஷன் (சிலிண்டர் அழுத்தம்) பாருங்க. எஞ்சின் சூடா இருக்கணும், ஆறு பிளக்கும் வெளியே, பெட்ரோல் பம்ப் ரிலேயைக் கழற்றிடணும், இக்னிஷனையும் துண்டிக்கணும், ஆக்சிலேட்டர் முழுசா மிதிக்கணும், பேட்டரி முழு சார்ஜ். ஒரு சிலிண்டருக்கும் இன்னொன்றுக்கும் 1.5 பாருக்கு மேல் வித்தியாசம் கூடாது. குறைஞ்ச சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வோ கேஸ்கெட்டோ.

கியர்பாக்ஸ். காலையில் குளிர்ந்த எஞ்சின், பிரேக்கை மிதிச்சு டி போடுங்க. இரண்டு விநாடிக்குள் பிடிக்கணும். மெர்சிடிஸ் 722 பெட்டியில் பி2 பிஸ்டன் உடைஞ்சா முன்னால் நகராது, ரிவர்ஸ் மட்டும் வேலை செய்யும். அப்புறம் கியர்பாக்ஸ் மாடுலேட்டரிலிருந்து வேக்குவம் குழாயைக் கழற்றிப் பாருங்க. உள்ளே கியர் ஆயில் ஈரம் இருந்தா மாடுலேட்டர் டயஃப்ரம் கிழிஞ்சிருக்கு. எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சிப் புகை விடும், பாவம் எஞ்சின் மேலே பழி விழும்.

செந்தூல்வாசி:

நன்றி அண்ணன்மார்களே. இரண்டு மெர்சிடிஸையும் மீட்டர் வெச்சுப் பார்த்தாச்சு.

300எஸ்இ: கூரை 120, கதவுகள் 280லிருந்து 340. வலது சில் பின் பக்கம் 1,400. பின் கண்ணாடி இடது கீழ் மூலை 900. பக்கப் பலகையைக் கழற்ற வேண்டாம்னு விற்கிறவர் சொல்லிட்டார்.

280இ: கூரை 130, எல்லாப் பக்கமும் 120லிருந்து 160, இடது முன் மட்கார்ட் மட்டும் 350. ஜாக் துளை நாலும் தூசிதான். பூட்டில் வலது பைக்குள் கட்டைவிரல் நுழையுற ஓட்டை. பயணி பக்கம் தரை விரிப்பு ஈரம். கிராண்ட் விற்கிறவர் பேரிலேயே இருக்கு, எஞ்சின் எண் எழுத்து தெரியலை, எண்ணெய் மூடியிருக்கு. கம்ப்ரெஷன் ஐந்து சிலிண்டர் 10.5 பாருக்குப் பக்கத்தில், நாலாவது 9.6.

தகரத்தச்சன்:

முடிஞ்சது. 280இ.

300எஸ்இயில் 1,400 காட்டுற சில்லுக்குள் என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாது, வெட்டினாத்தான் தெரியும். வெட்டினா போன வருஷச் சாயம் வீண். அதாவது இன்னொருத்தர் சாயத்துக்குக் காசு கொடுத்து, அதைச் சுரண்டவும் காசு கொடுக்கணும்.

280இயில் பூட் ஓட்டை அரை நாள் வேலை. ஆனா டெயில் லைட் ரப்பரை மாற்றாம ஒட்டாதீங்க, மறுபடி வரும். ஈரமான விரிப்புக்கு இரண்டு காரணம். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று போற அறையில் இலை சேர்ந்து தண்ணி வடியுற துளை அடைச்சிருக்கும், இல்லைன்னா சன்ரூஃப் குழாய். சன்ரூஃப் தண்ணிக்கு நாலு மூலையிலும் குழாய் இருக்கு. மெல்லிய நைலான் கம்பியால் குத்தி எடுங்க. காற்றழுத்தம் அடிக்காதீங்க, உள்ளே குழாய் இணைப்பு கழன்று தண்ணி கூரைத் துணிக்குள் இறங்கும்.

பினாங்கு_126:

126காரனா ஒரு வார்த்தை. தகரத்தச்சன் அண்ணன் தீர்ப்பு இந்த 300எஸ்இக்கு சரி, எல்லா 126க்கும் இல்லை. உட்காரவும் நெடும்பயணத்துக்கும் 126 வேற வகுப்பு. நல்ல தகரத்தோட ஒரு 300எஸ்இ வந்தா 280இயைவிட அதைத்தான் எடுக்கணும். செந்தூல்வாசி காத்திருக்கலாம், அவசரம் இல்லைன்னு அவரே சொல்றார்.

வடக்கே தேடுறதா இருந்தா, பினாங்குத் தீவில் கடலோரத்தில் நின்ன காடிக்கும் கரையிலிருந்து தள்ளி புக்கிட் மெர்தாஜாம் பக்கம் நின்ன காடிக்கும் அடியில் வித்தியாசம் தெரியும். தஞ்சோங் தோக்கோங் மாதிரி இடத்தில் திறந்த வெளியில் நின்னதுன்னா பிரேக் இரும்புக் குழாயை முதலில் பாருங்க. வெளியில் கொஞ்சம் துரு தெரிஞ்சா, பிடிமானக் கிளிப்புக்கு அடியில் குழாய் பாதியாயிருக்கும்.

வி8 பக்கம் ஆசைப்பட்டு 420, 500 பார்க்கிறவங்களுக்கும் சொல்லிடுறேன். வரி தனி, அதை விடுங்க. அந்த எஞ்சினில் செயின் ஓடுற பிளாஸ்டிக் தண்டவாளம் சூட்டில் உடையும். துண்டு செயினில் மாட்டினா செயின் பல் தாண்டி வால்வு வளையும். கேம் மேலே எண்ணெய் போற குழாயின் பிளாஸ்டிக் இணைப்பும் அப்படித்தான். வாங்கின கையோட இரண்டையும் மாற்றாம ஒரு கிலோமீட்டர் ஓட்டக் கூடாது.

செந்தூல்வாசி:

வி8 வேண்டாம் பாஸ். 280இயை எடுக்கிறேன்னு வெச்சுக்கிட்டா 40,000ஐ எப்படிப் பிரிக்கிறது? எதை முதலில் தொடுறது?

செகாம்புட்_போமன்:

தோராயப் பங்கீடு: பாடி, சாயம் 16,000. ரப்பர், குரோம் 5,000. பிரேக், சஸ்பென்ஷன் 6,000. எஞ்சின், பெட்ரோல் வேலை 5,000. ஏர்கான் 4,000. மிச்சம் 4,000ஐத் தொடாதீங்க, அது தானா செலவாகும்.

முதலில் நிற்கிறதுக்குச் செய்யுங்க, அப்புறம் ஓடுறதுக்கு. பிரேக் ரப்பர் குழாய் நாலும், காலிப்பர் சீல், டாட் 4 திரவம். டயர் 195/70 ஆர்14, பக்கத்தில் இருக்கிற நாலு இலக்கத் தேதியைப் பாருங்க, அவ்வளவுதான். முன்னால் மேல் ஆர்ம் 2, கீழ் பால் ஜாயிண்ட் 2, கைட் ராட் புஷ். பின்னால் சப்ஃபிரேம் மவுண்ட் 2, டிஃப் மவுண்ட் 1. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் ரப்பர் டிஸ்க் 2, நடு பேரிங் 1. எஞ்சின் மவுண்ட் 2, கியர்பாக்ஸ் மவுண்ட் 1. ஸ்டியரிங் வளைய விளிம்பில் 25 மில்லிமீட்டர் வரைக்கும் ஆட்டம் இருந்தா ஸ்டியரிங் பாக்ஸைத் தொட வேண்டாம், ராடு முனைகளைப் பாருங்க. இந்த ரப்பர் சாமானில் பெயர் தெரியாத கம்பெனியை வாங்காதீங்க. லெம்ஃபோர்டர் மாதிரி, மெர்சிடிஸுக்கே கொடுத்த கம்பெனி போட்டா பத்து வருஷம் மறந்துடலாம், மலிவு மவுண்ட் நம்ம வெயிலில் ஒரே வருஷத்தில் தட்டையாகும்.

பெட்ரோல் பக்கம். கே-ஜெட்ரானிக்கை அழுத்தமானி இல்லாம தொடக் கூடாது. சிஸ்டம் அழுத்தம் ஏறக்குறைய 5 பார் இருக்கணும். மதியம் கடைக்குப் போய்ட்டு கால் மணி நேரம் கழிச்சு வந்து ஸ்டார்ட் பண்ணினா எடுக்கலைன்னு வரும். எஞ்சினை அணைச்சதும் அழுத்தம் கீழே விழுந்து, அந்தச் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் ஆவியாகுது. பம்பின் ஒருவழி வால்வு, அக்யுமுலேட்டர் (பெட்ரோல் அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது), இரண்டையும் பாருங்க. ஸ்டார்ட்டரையும் பேட்டரியையும் மாற்றச் சொல்றவன் பேச்சைக் கேட்காதீங்க. டாங்கியை இறக்கி உள் சல்லடையைப் பார்க்காம புது பம்ப் போட்டா பழைய துரு அதையும் கொல்லும்.

நாலாவது சிலிண்டர் 9.6 கவலைப்படுற எண் இல்லை. வால்வு இடைவெளி சரிபார்த்துட்டு மறுபடி அளங்க, எம்110இல் அது கையால் வைக்கிறது. வால்வு மூடியைத் திறந்த கையோட கேம் குறியை நேராக்கிட்டு கிராங்க் புல்லியில் எத்தனை டிகிரி தள்ளியிருக்குன்னு படியுங்க. 10 டிகிரி பக்கம் போயிருந்தா செயின் நீண்டுபோச்சு. பழைய செயினை அறுத்து, அதன் வாலில் புதுசைக் கோர்த்து, கையால் எஞ்சினைச் சுற்றிச் சுற்றி உள்ளே இழுக்கலாம். முன் மூடியைக் கழற்ற வேண்டியதில்லை. ஆனா இரண்டு பேர் வேணும், செயின் ஒரு நொடிகூடத் தளரக் கூடாது.

இதெல்லாம் முடிச்சு ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுங்க. அப்புறம் பாடிக்கு அனுப்புங்க.

தகரத்தச்சன்:

இங்கேதான் போமனோட ஒத்துப்போக மாட்டேன். ஓட்டைக்கு வெல்டிங் முதலில், ஆயிரம் கிலோமீட்டர் அப்புறம். மழைக்காலத்தில் ஈரத் தரையோட ஓட்டினா துரு காத்திருக்காது. சாயம் கடைசின்னு சொல்லுங்க, ஒத்துக்கிறேன். வெல்டிங்கும் சாயமும் ஒரே வேலை இல்லை.

செகாம்புட்_போமன்:

சரி, ஓட்டையை அடைச்சு எபாக்ஸி (துரு வராம காக்கிற அடிப்பூச்சு) அடிச்சுட்டு ஓட்டட்டும். ஆனா சன்ரூஃப், கண்ணாடி எல்லாம் கழற்றிப்போட்டுட்டு எஞ்சின் வேலைக்கு வர வேண்டாம். கழற்றின காடிதான் விற்பனைக்கு வருது, "90 சதவீதம் முடிஞ்சது"ன்னு விளம்பரத்தோட.

தகரத்தச்சன்:

அதில் சண்டை இல்லை.

சாயத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி ரப்பர் முழுசும் கையில் இருக்கணும்: முன் கண்ணாடி, பின் கண்ணாடி, நாலு கதவு, பூட், சன்ரூஃப், டெயில் லைட். பழைய ரப்பர் கழற்றும்போதே பிய்யும். வராத ரப்பருக்குக் காத்திருக்கிற காடி பட்டறை மூலையில் மாசக்கணக்கில் நிற்கும், மேலே மற்றவன் காடித் தூசி. சாமான் எண் ஏ123ன்னு தொடங்கும். அந்த எண்ணை எழுதிக் கொடுத்துக் கேளுங்க, "மெர்க் பழைய மாடல் கதவு ரப்பர்"ன்னு கேட்காதீங்க.

பட்டறைக்காரரோட மூணு விஷயம் எழுத்தில் பேசிக்குங்க. வெட்டின இடத்தில் புதுத் தகரம் விளிம்போடு விளிம்பா ஒட்டணும், மேலே ஒட்டுப் போடக் கூடாது, இரண்டு தகரத்துக்கு நடுவில் ஈரம் உட்காரும். சுரண்டின தகரம் அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் பார்க்கணும். நம்ம ஊர்க் காற்றில் ஒரு ராத்திரி வெறுந்தகரம் நின்னா காலையில் மஞ்சள் படரும், அதுக்கு மேலே அடிச்சா ஆறு மாசத்தில் கொப்புளம். பட்டி, எபாக்ஸிக்கு மேலேதான், வெறுந்தகரத்தில் இல்லை, பட்டி ஈரத்தை உறிஞ்சும். எல்லாம் முடிஞ்சதும் சில், கதவு அடி, பூட் பை உள்ளே மெழுகு பீய்ச்சணும். அதை யாரும் செய்றதில்லை, ஏன்னா வெளியில் தெரியாது.

பினாங்கு_126:

ஏர்கானுக்குப் பணம் ஒதுக்கியாச்சு, என்ன செய்யணும்னு யாரும் சொல்லலை, கேட்டவர் முதல் பதிவிலேயே கேட்டார்.

பழைய ஆர்12 ஏர்கான் காஸ் இருக்கிற காடியை ஆர்134ஏ காஸுக்கு மாற்றும்போது காஸை மட்டும் மாற்றினா போதாது. பழைய மினரல் எண்ணெயைக் கழுவி எடுக்கணும், ஓரிங் எல்லாம் புதுசு, ட்ரையர் புதுசு, கம்ப்ரெஸருக்கு ஆர்134ஏக்கான எண்ணெய். ஆர்12க்கு எழுதியிருக்கிற எடையில் 80லிருந்து 85 சதவீதம்தான் காஸ். முழு எடை ஏற்றினா அழுத்தம் ஏறி குளிர் குறையும், ஆள் இன்னும் காஸ் ஏற்றுவான். பழைய கண்டென்ஸர் ஆர்134ஏக்குப் பற்றாது. பேரலல் ஃப்ளோ கண்டென்ஸர், முன்னால் நல்ல மின்விசிறி. ஈவப்பரேட்டர் ஒழுகினா டேஷ்போர்டு முழுசா வெளியே வரணும். அப்படி வந்தா ஹீட்டர் கோர், வேக்குவம் குழாய், விரிசல் விட்ட டேஷ் எல்லாத்தையும் அப்பவே பார்த்துடுங்க.

நெரிசலில் சூடேறினா ஏர்கானைக் குறை சொல்லாம ரேடியேட்டரைப் பாருங்க. சுண்ணாம்பு, துரு கழுவ சிட்ரிக் ஆசிட், 10 லிட்டர் தண்ணிக்கு 1 கிலோ. தெர்மோஸ்டாட் திறக்குற அளவுக்குச் சூடாக்கி, கால் மணி ஓட்டி, சூடு ஆறினதும் வடிச்சு நல்ல தண்ணியில் பல தடவை அலசணும். அப்புறம் கூலண்ட் பாதி, காய்ச்சி வடிச்ச தண்ணி பாதி. வேற எதையும் ஊற்றாதீங்க.

ஜாக்_பித்தன்:

280இக்கு வாழ்த்து. அந்த 9,000 வெள்ளி ஜாகுவார் எங்கே நிற்குதுன்னு தனிச் செய்தியில் அனுப்புங்க.

செந்தூல்வாசி:

அனுப்பிட்டேன் ஜாக் அண்ணே, நல்லபடியா எழுப்புங்க. கடைசியா ஒன்று. எஞ்சின் எண் எண்ணெய்க்கு அடியில் இருக்கு. பி5க்குப் போறதுக்கு முன்னாடி தேய்ச்சு எடுக்கலாமா?

கிராண்ட்முதல்:

தேய்க்காதீங்க. டிகிரீசர் அடிச்சு கால் மணி ஊறவிட்டு, நைலான் பிரஷ், பழைய துணி. கம்பி பிரஷ், எமரி தாள், கிரைண்டர் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. எண்ணைச் சுற்றிச் சுரண்டின தடம் தெரிஞ்சா, நம்பரையே மாற்றியிருக்கீங்கன்னு சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஆகுற நேரத்தில் இன்னொரு காடி வாங்கிடலாம். விற்கிறவரே கழுவட்டும், நீங்க பக்கத்தில் நின்னு கிராண்டோட ஒத்துப் பார்த்துட்டு முன்பணம் கொடுங்க. கழுவினதுக்கு முன்னாலும் பின்னாலும் படம் எடுத்து வெச்சுக்குங்க.

செந்தூல்வாசி:

சரி அண்ணே. சனிக்கிழமை டிகிரீசரோட போறேன்.